கயிறு அவிழ்க்கிற இடம்

எங்கள் வீட்டு நாய் தன் வாலைத் தானே கடிக்க ஆரம்பித்தபோது நான் சிரித்தேன். இதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். மொட்டைமாடியில் வட்டம் வட்டமாகச் சுற்றி வாலைப் பிடிக்கப் பார்த்தாள். நான் அதைக் கைபேசியில் எடுத்து, ‘எங்க வீட்டு கிரைண்டர், கரண்டே வேண்டாம்’ என்று எழுதி எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினேன். ஊரே சிரித்தது. நான்காம் நாள் மாடிச் சுவரின் வெள்ளைச் சுண்ணாம்பில் முழங்கால் உயரத்துக்கு ரத்தப் புள்ளிகள் தெறித்திருந்தன. அதை நான் யாருக்கும் அனுப்பவில்லை.

அவளுக்குப் பெயர் உண்டு. ஆனால் பிறகு எதிர்வீட்டுக்குக் குடிவந்த அம்மாவுக்கும் அதே பெயர். அதனால் நாங்கள் அவளைத் தெருவில் வாய்விட்டுக் கூப்பிடுவதையே விட்டு நாளாகிறது. சைகையில்தான் குடும்பம் ஓடுகிறது. இங்கேயும் அவள் ‘அவள்’தான்.

சிப்பிப்பாறை ஜாதி. திருவேங்கடம் பக்கம் ஒரு கரிசல்காட்டு வீட்டுக்குக் கல்யாண ஆல்பம் கொடுக்கப் போன இடத்தில் குட்டியாகப் பார்த்தேன். உடம்பு முழுக்கக் கால். முயலின் பின்னால் மைல் கணக்கில் பாய்ந்த பரம்பரை. அதைத் தூக்கிவந்து சங்கரன்கோவிலில், கீழே என் போட்டோ ஸ்டுடியோ, மேலே வீடு, அதற்கும் மேலே தண்ணீர்த்தொட்டியும் துணிக்கொடியும் உள்ள ஒரு மாடியில் வைத்தேன். நான்கு பாய்ச்சலில் மாடி முடிந்துவிடும். ஐந்தாவது பாய்ச்சலுக்குத்தான் அவள் வாலைத் தேடியிருக்கிறாள்.

கால்நடை டாக்டர் அவளைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைத்தான் நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“நோய் ஒண்ணும் இல்லை அண்ணாச்சி. இது ஓட வேண்டிய உருப்படி. ஓடாட்டி தன்னையே திங்கும். தினம் அவுத்து ஓட விடுங்க. முடியாதுன்னா காடு வச்சிருக்கவங்க யாருக்காவது குடுத்திருங்க.”

வீட்டில் புண்ணுக்கு மருந்து போடுகிற வேலையை மனைவி எடுத்துக்கொண்டாள். எங்கள் ஊரில் எந்தப் புண்ணுக்கும் முதல் மருந்து கோயில் புற்றுமண். சாமி படத்துக்குப் பின்னால் ஒரு பொட்டலம் எல்லா வீட்டிலும் இருக்கும். நெற்றியில் இடுவார்கள், சொறிக்குக் குழைத்துப் பூசுவார்கள், வயிற்றுவலிக்கு ஒரு சிட்டிகை வாயிலும் போடுவார்கள். மனைவி அதை மஞ்சளோடு குழைத்து வால் நுனியில் அப்பினாள். பூசிய கையோடு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

“ஒரு மாசம் பாப்பேன். ஆறலைன்னா திருவேங்கடத்துலயே கொண்டு விட்டுட்டு வந்திருங்க. ரத்தத்தைத் தொடச்சு எனக்கு ஏலலை.”

அவளை என்னைவிட அதிகம் கொஞ்சுகிறவள் என் மனைவிதான். அப்படிப்பட்டவளே இப்படிச் சொன்னால் அது விளையாட்டுப் பேச்சு அல்ல. விளையாட்டுப் பேச்சு முழுவதும் எங்கள் வீட்டில் என் இலாகா.

*

ஓட விட இடம்? ஊருக்கு மேற்கே குளத்துக்கரையில் ஒரு நடைபாதை இருக்கிறது. சிமெண்டுக் கல் பதித்து, இரண்டு பக்கமும் புங்கங்கன்று வைத்த பாதை. காலையில் பாதி ஊர் அங்கேதான் நடக்கும். எங்களூர்க்காரர்களுக்கு நடப்பது என்றாலே சுற்றுவதுதான். ஆடி மாதம் கோயிலை நூற்றியெட்டு, ஐந்நூற்றியொன்று என்று எண்ணி எண்ணிச் சுற்றிப் பழகிய கால்கள். கரைப்பாதையோ நேர்கோடு. போகலாம், திரும்பி வரலாம், சுற்றவே முடியாது. இருந்தாலும் எதிரே வருகிறவர் “இன்னைக்கு எத்தனை சுத்து?” என்றுதான் கேட்பார். நாமும் வெட்கமில்லாமல் “ஆறு” என்போம்.

அவளைக் கயிற்றில் பிடித்து அங்கே கூட்டிப்போனேன். நான் கூட்டிப்போனதாக நான் சொல்லிக்கொள்வேன். பார்த்தவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். ஒருநாள் ஓணானைக் கண்டு அவள் பாய்ந்ததில், என் செருப்பு ஓர் இடத்திலும் கண்ணாடி இன்னோர் இடத்திலும் கிடக்க, நான் புங்கங்கன்று ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். நடப்பவர்கள் ஒதுங்க ஆரம்பித்தார்கள்.

எங்கள் நடைப்பயிற்சிக் குழுவுக்குத் தலைவர் ஒருவர் உண்டு. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் யாராவது பாதையை மறித்து நின்று பேசினால் “உள்ள போங்க, உள்ள போங்க” என்பார். அவர் என்னை நிறுத்தினார்.

“வே, உம்ம நாயால நாலு பொம்பளைக நடக்க வாறதையே நிறுத்திட்டாங்க. ஒண்ணு நீரு வாரும், இல்ல அது வரட்டும். ரெண்டு பேரும் வராதீரும்.”

“அதை மட்டும் அனுப்பிவைக்கேன் அண்ணாச்சி. எனக்கும் காலைல தூக்கம் மிச்சம்.”

சிரித்துவிட்டார். நான் கடை நடத்துவதே இந்த ஒரு வித்தையை வைத்துத்தான். விறைத்துக்கொண்டு உட்காருகிறவனை ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்தால் தோள் தானாக இறங்கும். இறங்கின அந்த நொடியில் எடுத்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை டீக்கடைக் கூட்டத்தில் அதையே செய்தேன். கரைப்பாதை முடிகிற இடத்தில் வேலிக்கருவை மண்டிய காலி இடம் ஒன்று கிடக்கிறது. நாமே வெட்டிச் சுத்தம் செய்து கம்பிவலை அடித்தால், காலையில் ஒன்றரை மணி நேரம் நாய்களை அங்கே அவிழ்த்துவிடலாம், பாதையில் நடப்பவர்களுக்கும் தொல்லை இல்லை என்றேன்.

“மனுசன் ஒக்காரவே பெஞ்சு பத்தலை. நாய்க்கு மைதானமா?” என்றார் தலைவர்.

“அதான் அண்ணாச்சி சொல்லுதேன். அதுக பெஞ்சு கேக்காது.”

கூட்டம் சிரித்தது. சிரிக்கிறவன் கையைத் தூக்கிவிடுவான். மருந்துக்கடைக்காரர் ஒருவர் வீட்டில் குண்டு லாப்ரடார் ஒன்று இருந்தது. அவர் இரண்டு கையையும் தூக்கினார். ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம். நகராட்சியிலும் கேட்டோம், சரி என்றார்கள்.

*

கருவையை வெட்டி முடித்தபோதுதான் அது தெரிந்தது. வேலி போக வேண்டிய வடக்கு வரியில், நட்டநடுவே, ஒரு புற்று. இடுப்பு உயரம். ஐந்தாறு முகடுகளோடு, செம்மண்ணில் ஒரு குட்டிக் கோபுரம் போல. அதன் அடியில் காய்ந்த மல்லிகைச் சரமும், பால் வழிந்த தடமும், மஞ்சள் குங்குமமும் இருந்தன. இந்த முள்ளுக்குள் வளைந்து நுழைந்து யாரோ தவறாமல் வந்துபோயிருக்கிறார்கள்.

வேலி அடிக்க வந்த வெல்டிங் பட்டறைக்காரர் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார்.

“அண்ணாச்சி, நீங்க என்ன சொன்னாலும் சரி. இதுல நான் கை வைக்க மாட்டேன். பிள்ளைகுட்டிக்காரன்.”

அவரை யாரும் வற்புறுத்தவில்லை. நாத்திகம் பேசுகிற மருந்துக்கடைக்காரர் உட்பட அத்தனை பேரும் ஓரடி பின்னால் நகர்ந்து நின்றோம். வேறு ஊராக இருந்தால் அரைமணி நேரத்தில் மண்ணைத் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். புற்றுமண்ணை வாயில் போட்டு வளர்ந்த ஊரில் அது நடக்காது. புற்றை உள்ளே விட்டு வேலி அடித்தால் நாய்கள் காலைத் தூக்கும். அது அதைவிடப் பாவம். வெளியே விட்டு வளைத்து அடிக்கலாமென்றால் அளந்து வெட்டி வந்த வலை போதாது, இன்னும் மூன்று தூண் வேண்டும், இன்னொரு நாள் வேலை. கடைசியில் புற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு தூண், அந்தப் பக்கம் ஒரு தூண். வலை இரண்டு பக்கமும் வந்து நின்றது. நடுவில் வேலிக்குப் பதில் புற்று.

“இப்படி விடலாமா வே?” என்று தலைவர் கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

நான் சொன்னேன்: “சாமியே வாச்மேன் வேலைக்கு வந்து நிக்காரு. லீவு கேக்க மாட்டாரு, தூங்க மாட்டாரு. அவருக்குப் போட்டியா கம்பி எதுக்கு அண்ணாச்சி?”

எல்லோரும் சிரித்தார்கள். பட்டறைக்காரர் சிரித்துக்கொண்டே சாமான்களைக் கட்டினார்.

மாடியில் தண்ணீர்த்தொட்டி என் நெஞ்சு உயரம். அவள் அதன்மேல் ஒரே எம்பில் ஏறி நிற்பதைத் தினமும் பார்க்கிறவன் நான். அங்கே நின்ற மற்ற யாருக்கும் அது தெரியாது. அவர்கள் பார்த்த நாய் லாப்ரடார். அதற்கு வாசற்படி ஏறுவதற்கே யோசனை தேவை. ஆனால் எனக்கு இன்னொரு நாள் காத்திருக்கப் பொறுமையில்லை. வீட்டில் மாசக் கெடுவில் பத்து நாள் போயிருந்தது.

‘கயிறு அவிழ்க்கிற இடம்’ என்று நானே பலகை எழுதி வாசலில் தொங்கவிட்டேன்.

முதல் நாள் கயிற்றைக் கழற்றியதும் அவள் நகரவில்லை. ஏதோ பிழை நடந்துவிட்டது என்பதுபோல என்னைப் பார்த்தாள். பிறகு கிளம்பினாள். நான் எத்தனையோ கல்யாணத்தில் எதையெதையோ படம் பிடித்தவன்; அதை என்னால் பிடிக்க முடியவில்லை. நாலு காலும் தரையில் இல்லாத நேரம்தான் அதிகம். திரும்பும்போது உடம்பு வில்லாக வளைந்து நிமிர்ந்தது. பாதையில் நடந்தவர்கள் நடையை மறந்து வலையோரம் நின்றார்கள். ஒதுங்கிப் போன பெண்களில் ஒருத்தர் “ஏயப்பா, என்னா ஓட்டம்!” என்றார். எனக்கு ஏதோ நானே ஓடினதுபோல மூச்சு வாங்கியது. இரண்டே வாரத்தில் வால் ஆறி, நுனியில் முடி முளைத்தது. மனைவி மாடிச் சுவருக்கு ஒரு கை சுண்ணாம்பு அடித்தாள்.

*

அந்த மல்லிகைச் சரத்தின் சொந்தக்காரரைப் பிறகு தெரிந்துகொண்டேன். கோயில் பக்கத்துப் பூக்கடை ஒன்றில் பூக்கட்டுகிற அக்கா. அறுபதை ஒட்டிய வயது. என் ஸ்டுடியோவுக்கு ரேஷன் அட்டைக்குப் படம் எடுக்க வந்தவர். நான் சொன்ன எந்த வேடிக்கைக்கும் சிரிக்காமல் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் என்பதால் நினைவிருக்கிறது. வெள்ளிக்கிழமை கடைக்குப் போவதற்கு முன் ஒரு தம்ளர் பாலோடு வருவார். வேலியைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லவில்லை. கருவை வெட்டியதால் முள் குத்தாமல் வரலாம் என்று மட்டும் மருந்துக்கடைக்காரரிடம் சொன்னாராம்.

ஆடிக்காற்று தூக்கியடித்த ஒரு வெள்ளிக்கிழமை. நான் உள்ளே நின்று லாப்ரடாரின் தொப்பையையும் என் தொப்பையையும் ஒப்பிட்டு யாரையோ சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். புற்றின் அடியிலிருந்து கீரி ஒன்று தலையை நீட்டி இழுத்துக்கொண்டது. அவள் மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தாள். அங்கிருந்தே பார்த்துவிட்டாள். நேராக வந்தாள். புற்றின் முன்னால் வேகம் குறையும் என்று நினைத்தேனா? இல்லை. நினைக்கவில்லை. ஒரே எம்பு. முகட்டில் கால்கூடப் படவில்லை.

அந்தப் பக்கம் அக்கா குனிந்து உட்கார்ந்து பால் ஊற்றிக்கொண்டிருந்தார். உட்கார்ந்தால் புற்று அவரை மறைத்துவிடும்.

சத்தம் எதுவும் இல்லை. தம்ளர் உருண்ட சத்தம் மட்டும். நான் ஓடிப்போய்ப் புற்றின் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தேன். அக்கா பின்னால் சாய்ந்து தரையில் கிடந்தார். அவள் கீரியை விட்டுவிட்டுத் திரும்பி வந்து, கொட்டின பாலை நக்கிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் என் வாயில் என்ன வந்தது தெரியுமா?

“அக்கா, சாமி நேர்லயே வந்து குடிச்சிட்டுப் போகுது பாருங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் கையைப் பார்த்தேன். விழும்போது ஊன்றிய வலது கை. மணிக்கட்டுக்கு மேலே, கை திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அக்கா என்னைப் பார்த்தார். ஸ்டுடியோவில் பார்த்த அதே முகம்.

*

மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் என்றார்கள். அந்த விரல்கள் நாரில் பூவை வைத்து முடிச்சுப் போடுவதை நான் கடைவாசலில் நின்று பார்த்திருக்கிறேன்; கண்ணால் பின்தொடர முடியாது. இப்போது அந்த இடத்தில் வேறொரு பெண் கட்ட, அக்கா பக்கத்தில் இடதுகையால் உதிரிப்பூவை அளந்து போட்டுக்கொண்டிருந்தார். ஆடித்தபசு கூட்டம் தெருவை அடைத்து நின்றது. வருஷத்தில் கை ஓயாமல் கட்ட வேண்டிய நாட்கள் அவை.

டீக்கடையில் குழு கூடியது. இந்தமுறை யாரும் சிரிக்கிற நிலையில் இல்லை.

“மைதானத்தைப் பூட்டிருவோம். இல்லைன்னா அந்த எடத்துல வலை அடிச்சாகணும். அதுக்குப் புத்தை எடுக்கணும்” என்றார் தலைவர். பிறகு குரலைத் தாழ்த்தினார். “நம்மாளு தொட மாட்டான். வெளியூர்லேர்ந்து ரெண்டு பேரைக் கூட்டியாந்தா காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சிருவான். அவனுக்கு என்ன தெரியும்?”

“வளைச்சு அடிக்கலாமே. இன்னும் மூணு தூண்தானே?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“வளைச்சு அடிச்சா, புத்து வெளிய நிக்கும். தாண்டுத நாய்க்கு இந்த வலையே மார் உசரந்தான். புத்து போனாத்தான் அதுக்குள்ள கெடக்க கீரி போகும். கீரி தலையைக் காட்டுத வரைக்கும் உம்ம நாயி எந்த வலையையும் தாண்டும் வே” என்று தலைவர் என்னைப் பார்த்தார். “என்ன, நாஞ் சொல்லுதது சரிதான?”

சரிதான். பூட்டினால் அவள் வால் போகும். வால் போனால் அவள் போவாள். பூட்டாமல் இருக்க ஒரே வழி, புற்று போக வேண்டும். நான் வாய் திறக்கவில்லை. என்னை மௌனமாகப் பார்த்ததே இல்லை என்பதால் எல்லோரும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒன்று மட்டும் சொன்னேன்: அந்த அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். நல்ல மனதில் சொன்னதாகத்தான் அன்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். அக்கா ஈரச்சாக்கைப் பூக்கூடைமேல் போட்டு மூடிக்கொண்டிருந்தார். வலி எப்படி இருக்கிறது, சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்றெல்லாம் சுற்றிவளைத்து, கடைசியில் புற்றுக்கு வந்தேன். முறைப்படி பூசை செய்து, பால் ஊற்றி, வேறு இடத்தில் மண்ணைக் கொண்டுபோய் வைத்து... என்று இழுத்தேன்.

அக்கா குறுக்கே பேசாமல் கேட்டார்.

“என்ட்ட எதுக்குத் தம்பி கேக்கீய? கை என் கை. புத்து என் புத்தா?”

“நீங்கதானேக்கா பால் ஊத்துறீங்க.”

“நான் சரின்னு சொன்னா, இடிச்சது நானாயிரும். அதுக்குத்தான வந்திருக்கீய?”

நான் கடைவாசலில் கிடந்த மல்லிகை ஒன்றை எடுத்துக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

“ஒண்ணு கேக்கேன்” என்றார். “உங்க நாயி அம்புட்டு உசரம் தாண்டும்னு உங்களுக்கு முன்னமே தெரியுமா, தெரியாதா?”

“அது என்னை என்னைக்குக்கா யோசனை கேட்டிருக்கு...” என்று ஆரம்பித்தேன். வாய் தன்பாட்டுக்கு ஆரம்பித்துவிட்டது.

“சிரிக்காம சொல்லுங்க தம்பி.”

வெயிலில் ஒரு டவுன்பஸ் போனது. அது போகிறவரைக்கும் நேரம் கிடைத்தது. அதற்குப் பிறகு கிடைக்கவில்லை.

“தெரியும்க்கா.”

அக்கா தலையை ஆட்டினார். கோபப்படவில்லை, கணக்கில் விடுபட்ட ஒன்று சேர்ந்ததுபோல ஓர் ஆட்டல். மாவுக்கட்டை மடியில் ஏற்றி வைத்துக்கொண்டார்.

“அப்ப அது கயித்தை நீங்க பிடிச்சுக்கிடுங்க. அவ்வளவுதான். அங்கன மண்ணைத் தொடாண்டாம்.”

*

மைதானம் இருக்கிறது. புற்று இருக்கிறது. காலையில் லாப்ரடாரும், பிறகு வந்து சேர்ந்த இரண்டு மூன்று நாய்களும் அவிழ்ந்து திரிகின்றன. ‘கயிறு அவிழ்க்கிற இடம்’ என்ற பலகைக்குக் கீழே கயிற்றோடு உள்ளே போகிற ஒரே நாய் எங்களுடையது. பலகை எழுதியவன் மறுநுனியில்.

ஆனால் அவள் ஓடியாக வேண்டும். அதனால் நானும் ஓடுகிறேன். ஐம்பத்திரண்டு வயதில், இந்தத் தொப்பையோடு, ஒரு சிப்பிப்பாறையின் பின்னால். அவளுக்கு அது நடை. எனக்கு உயிர்போகிற ஓட்டம். என்னை வைத்து யாராவது வீடியோ எடுத்து அனுப்பியிருப்பார்கள், எனக்கு மட்டும் வந்து சேரவில்லை. வலையோரம் நின்று தலைவர் கேட்கிறார்: “எத்தனை சுத்து வே?” இங்கே மட்டும் உண்மையிலேயே சுற்று. “ஏழு” என்கிறேன். எட்டாவது சுற்றில் பேச்சு வருவதில்லை. அவள் ஒவ்வொரு சுற்றிலும் புற்றின் முன்னால் வரும்போது காது நிமிர்த்தி, உடம்பைத் தாழ்த்துகிறாள். நான் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொள்கிறேன்.

என் ஓட்டம் அவளுக்குப் போதவில்லை. சுவரில் மறுபடி புள்ளிகள். மனைவி கெடுவைப் பற்றி இன்னும் பேசவில்லை. பேசாமல் புதுப் புற்றுமண் பொட்டலம் வாங்கி வந்து வைத்திருக்கிறாள்.

சென்ற வெள்ளிக்கிழமை அக்கா வந்தார். கட்டு அவிழ்த்து ஒரு வாரம் ஆகியிருந்தது. தம்ளர் இடதுகையில் இருந்தது. பாலை ஊற்றிவிட்டு எழுந்தபோது நாங்கள் சுற்றி வந்து அங்கே நின்றோம். நடுவில் புற்று. அக்கா என்னைப் பார்க்கவில்லை. அவளுடைய வாலைப் பார்த்தார்.

“ஆறலையா?”

“இல்லைக்கா.” மூச்சு வாங்கியது. “கை எப்படிக்கா?”

அக்கா வலதுகை விரல்களை மடக்கிக் காட்டினார். பெருவிரலும் சுட்டுவிரலும் தொட வேண்டிய இடத்தில் ஒரு விரல்கடை இடைவெளி நின்றது. நார் அந்த இடைவெளியில் எப்படி நிற்கும்?

“இன்னும் இல்லை” என்றார்.

அக்கா தம்ளரைக் கவிழ்த்து உதறிவிட்டுப் பாதைக்கு ஏறினார். கயிறு இழுத்தது. ஓடினேன்.